மூன்று பேஸ் மோட்டார் உள்ள பழைய டேப் டெக்கை வீட்டுக் கரண்டில் ஓட்டுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மோட்டார் காயில் கட்டும் ஒரு பெரியவரிடம், பழைய ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றிலிருந்து இரும்புக் கடைக்கு வந்திருந்த, ரீல் டேப் ஓட்டும் டேப் டெக்கின் மோட்டாரை எடுத்துப்போனேன். கையில் வாங்கித் தண்டைச் சுற்றிப் பார்த்தார். "கண்டன்சர் போட்டா ஓடும் தம்பி. ஆனா தண்ணி ஏத்துற மோட்டாருக்குச் சுத்தினாப் போதும். பாட்டுக்கு ஓடுறது அப்படியில்ல, சுத்துறதே காதுக்குத் தெரியக் கூடாது" என்றார். நான் அடுத்த எட்டு மாதம் செய்த வேலை முழுக்க அந்த இரண்டாவது பாதிக்காகத்தான்.

கிணற்று மோட்டாரை இரண்டு பேஸில் ஓட்ட கண்டன்சர் பெட்டி வைப்பது சேலம் மாவட்டத்தில் தோட்டம் வைத்திருப்பவர்களுக்குப் பழக்கமான விஷயம். ஒலிக்கருவிக்கும் அதே தத்துவம்தான். ஆனால் பம்ப்செட்டில் யாரும் கவனிக்காத அதிர்வு, டேப்பில் வீணையின் கமகத்தோடு கலந்து கேட்கும். அந்த அதிர்வு எங்கிருந்து வருகிறது, அதை எப்படி அடக்குவது என்பதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

ஒலிக்கருவியில் மூன்று பேஸ் எதற்கு?

மூன்று பேஸ் என்பது சம இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக ஏறி இறங்கும் மூன்று கரண்ட் லைன்கள். அவற்றில் சமமாக ஓடும் மோட்டாருக்குள் காந்தப்புலம் ஒரே வலிமையோடு வட்டமாகச் சுழலும். தண்டுக்குக் கிடைக்கும் முறுக்கு விசையில் ஏற்றத்தாழ்வு இருக்காது. ஒரே பேஸில் ஓடும்போது புலம் நீள்வட்டமாகி, விசை நொடிக்கு 100 தடவை ஏறி இறங்கும்.

சினிமாவில் இன்னொரு காரணமும் இருந்தது. படக் கேமராவும் ஒலிப்பதிவுக் கருவியும் ஒரே அடி ஓட வேண்டும். 35 மில்லிமீட்டர் ஃபிலிம் நொடிக்கு 24 சட்டம், நிமிடத்துக்கு 90 அடி போகும். இரண்டு கருவிகளிலும், கரண்டின் ஹெர்ட்ஸோடு ஒட்டியே சுழலும் சின்க்ரனஸ் மோட்டாரை வைத்து ஒரே லைனில் இணைத்துவிட்டால் வாயசைவும் வசனமும் விலகாது. 1935-இல் டி.ஆர். சுந்தரம் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் படக்கூடத்தின் வளைவு இன்றும் ஏற்காடு சாலையில் நிற்கிறது. அஸ்தம்பட்டியிலிருந்து மலைக்குப் போகும்போதெல்லாம் அதைக் கடக்கிறேன். நூறு படங்களுக்கு மேல் எடுத்த ஊர் இது என்பதால் இந்த வேலையில் எனக்குத் தனிப் பற்று உண்டு.

படக்கூடத்துக்கு வெளியேயும் இவை இருந்தன. இசைத்தட்டு வெட்டும் நாய்மன் இயந்திரங்களில் வந்த லைரெக் மோட்டார் தட்டை நேரடியாகவே சுழற்றும். 50 ஹெர்ட்ஸில் நிமிடத்துக்கு முப்பத்து மூன்றே கால் சொச்சம் சுற்ற வேண்டுமென்றால் 180 துருவங்கள் வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள், சரியாக வரும். ஜெர்மன் பாப்ஸ்ட் மோட்டார்களில், வெளிக்கூடே சுழலும் வகை, மூன்று வயரோடு வருபவை உண்டு. நம்மூரில் அதிகம் கையில் கிடைப்பது இந்த அளவு மோட்டார்கள்தான்.

முதல் படி: உண்மையிலேயே மூன்று பேஸ்தானா?

மூன்று வயர் வெளியே வந்தால் மூன்று பேஸ் என்று முடிவு செய்யாதீர்கள். இதில்தான் மோட்டார்கள் வீணாகின்றன. மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து மூன்று ஜோடிகளையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். மூன்றும் ஒன்றுபோல் இருந்தால் மூன்று பேஸ். ஒரு ஜோடியின் அளவு மற்ற இரண்டின் கூட்டலாக இருந்தால் (100, 100, 200 என்பது போல) அது இரண்டு பேஸ் மோட்டார். ஒரு முனை பொது. இதை ஓட்டும் விதம் வேறு, அதைக் கடைசியில் சொல்கிறேன். ஆறு வயர் வந்து, மூன்று ஜோடிகள் மட்டும் தனித்தனியே அளவு காட்டினால் மூன்று காயில்களும் வெளியே கிடைக்கின்றன. அது நல்ல அதிர்ஷ்டம்.

வயர்களுக்கு சிவப்பு, மஞ்சள், நீல டேப் ஒட்டி ஆர், ஒய், பி என்று பெயர் வையுங்கள். பழைய ஜெர்மன், அமெரிக்க மோட்டாரின் வயர் நிறங்களை நம் நிறக் குறிப்போடு ஒப்பிட வேண்டாம்.

இரண்டாம் படி: தகட்டில் என்ன எழுதியிருக்கிறது?

220/380 என்று இரண்டு வோல்டேஜ் இருந்தால், சின்னது டெல்டாவுக்கு (மூன்று காயிலும் முக்கோணமாகச் சேர்வது), பெரியது ஸ்டாருக்கு (மூன்றின் ஒரு முனை நடுவில் ஒன்றாகச் சேர்வது). வீட்டில் நமக்குக் கிடைப்பது 230 வோல்ட் என்பதால் டெல்டா கட்டு வேண்டும். ஸ்டாராகவே உள்ளே கட்டி மூன்று வயர் மட்டும் வெளியே விட்ட 380 வோல்ட் மோட்டார் என்றால், உள்ளே மூன்று முனைகளும் சேரும் முடிச்சைப் பிரித்து வெளியே எடுக்க வேண்டும். அறுபது வருட எனாமல் வயர் தொட்டால் உதிரும். அதை நீங்களே செய்யாதீர்கள். காயில் கட்டுபவரின் கைக்குத்தான் அந்த வேலை.

மூன்றாம் படி: 50-ஆ, 60-ஆ?

தகடு இல்லாத மோட்டாருக்கு வெர்னியர் காலிப்பர் பதில் சொல்லும். சின்க்ரனஸ் மோட்டாரின் வேகம், 120-ஐ ஹெர்ட்ஸால் பெருக்கித் துருவ எண்ணிக்கையால் வகுத்தால் வருவது. டேப்பை இழுக்கும் கேப்ஸ்டன் தண்டு மோட்டாரிலேயே இருந்தால், அதன் விட்டமே எந்த நாட்டுக் கரண்டுக்குச் செய்தது என்று காட்டிவிடும். நொடிக்கு 38.1 சென்டிமீட்டர் ஓடும் டெக், 8 துருவ மோட்டார் என்று வைத்துக்கொள்வோம். 50 ஹெர்ட்ஸில் 750 சுற்று. தண்டு சுமார் 9.7 மில்லிமீட்டர். 60 ஹெர்ட்ஸில் 900 சுற்று. தண்டு சுமார் 8.1. டேப்பின் தடிமனைக் கணக்கில் எடுத்து மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு குறைத்துக் கடைந்திருப்பார்கள், அதைப் பிழை என்று நினைக்க வேண்டாம்.

60 ஹெர்ட்ஸ் டெக்கை நம் 50-இல் ஓட்டினால் வேகம் ஆறில் ஒரு பங்கு குறையும். சுருதி மூன்று அரைச்சுரத்துக்கும் சற்று அதிகமாக இறங்கும். ஐந்து கட்டையில் பாடியவர் மூன்று கட்டைக்கு வந்துவிடுவார். வோல்டேஜையும் அதே விகிதத்தில் குறைக்காவிட்டால் இரும்பு நிறைவுற்று மோட்டார் கொதிக்கும். 115 வோல்ட் மோட்டாருக்கு 96-தான் கொடுக்கலாம். ஆகவே 60 ஹெர்ட்ஸ் கருவி வைத்திருப்பவர்கள் கண்டன்சர் பகுதியைப் படித்துவிட்டு, நான்காம் படியில் காய வைத்தபின் நேரே ஏழாம் படிக்குப் போங்கள்.

நான்காம் படி: காய வைத்தல்

என் டெக் ஏற்காட்டில் ஒரு பழைய வீட்டில் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் மூடுபனி ஜன்னல் வழியே உள்ளே வந்து உட்காரும். பருத்தித் துணியும் வார்னிஷும் சுற்றிய காயில் அந்த ஈரத்தைக் குடித்துவிடும். கரண்ட் கொடுக்கும் முன் 500 வோல்ட் மெக்கர் (இன்சுலேஷன் அளக்கும் கருவி) வைத்துக் காயிலுக்கும் கூட்டுக்கும் இடையே அளக்க வேண்டும். ஒரு மெகா ஓமுக்குக் கீழே இருந்தால் கரண்ட் கொடுக்கவே கூடாது. எனக்கு முதல் நாள் 0.4 வந்தது.

மோட்டாரை ஒரு தகரப் பெட்டியில் வைத்து, 60 வாட் குண்டு பல்பு ஒன்றைக் காயிலில் படாமல் உள்ளே தொங்கவிட்டு, மேலே காற்று போக ஒரு சந்து விட்டு, இரண்டு நாள் எரிய விட்டேன். 0.4 என்றது 20-க்கு மேல் போனது. அடுப்பிலோ ஹீட் கன்னிலோ அவசரமாகச் சூடாக்கினால் வார்னிஷ் வெடிக்கும்.

எண்ணெயையும் இப்போதே கவனியுங்கள். வெண்கலத் தூள் அழுத்திச் செய்த புஷ்ஷும் கம்பளித் துணியும்தான் இந்த மோட்டார்களின் பேரிங். பழைய எண்ணெயைத் துடைத்தெடுத்து, மெல்லிய டர்பைன் எண்ணெய் சில சொட்டு விட்டு ஓர் இரவு ஊற விடுங்கள். தையல் மிஷினுக்கு விடும் பழக்கத்தில் தேங்காய் எண்ணெய் விடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். சேலத்து வெயிலில் தெரியாது. மலையில் மார்கழிக் காலையில் உறைந்து தண்டைப் பிடித்துக்கொள்ளும்.

ஐந்தாம் படி: கண்டன்சர் போட்டு முதல் ஓட்டம்

கட்டும் முறை எளிது. பேஸ் ஆர்-க்கு, நியூட்ரல் ஒய்-க்கு. பி-க்கும் ஆர்-க்கும் இடையே கண்டன்சர். திசை மாற வேண்டுமானால் கண்டன்சரின் ஆர் முனையைக் கழற்றி ஒய்-க்கு மாற்றுங்கள். மோட்டார் கூட்டுக்கு எர்த் கட்டாயம். முதல் முறை 100 வாட் சீரிஸ் பல்பு வழியாகவே கொடுங்கள். பல்பு முழுப் பிரகாசத்தில் எரிந்தால் உள்ளே ஷார்ட்.

கண்டன்சர் அளவு: 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் மோட்டார் உறிஞ்சும் ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் சுமார் 70 மைக்ரோ ஃபாரட். 40 வாட் மோட்டாருக்கு 2.8 வருகிறது. மின்விசிறிக் கண்டன்சர்கள் 2.5, 3.15 என்று எந்தக் கடையிலும் கிடைப்பதால் நமக்கு வசதி. 440 வோல்ட் ஏசி என்று அச்சிட்டதை மட்டும் வாங்குங்கள். ஆம்ப்ளிஃபயரில் இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் இதற்கு ஆகாது, வெடிக்கும். மோட்டார் 120 வோல்ட் வகையானால் அளவு வோல்டேஜின் இருமடிக்கு எதிராக ஏறும். அதே 40 வாட்டுக்குப் பத்து மைக்ரோ ஃபாரட்டுக்கு மேல் போகும்.

சூத்திரம் கொடுப்பது ஆரம்பப் புள்ளி மட்டுமே. டேப் போட்டு, பிஞ்ச் ரோலரை (டேப்பைக் கேப்ஸ்டனோடு சேர்த்துப் பிடிக்கும் ரப்பர் உருளை) அழுத்தி, உண்மையான சுமையில் ஓட விட்டு ஆர்-ஒய், ஒய்-பி, பி-ஆர் மூன்றின் வோல்டேஜையும் அளந்து பாருங்கள். மூன்றும் சமமாகும் வரை கண்டன்சரைக் கூட்டிக் குறையுங்கள். எனக்கு 2.5 போட்டபோது இரண்டு பக்கமும் 230-க்குக் கீழே நின்றன. 3.15 போட்டதும் கண்டன்சர் பக்கம் 240-ஐத் தாண்டி மோட்டார் முனக ஆரம்பித்தது. 2.5-உடன் 0.33 சேர்த்துப் பேரலலில் போட்டபோதுதான் அமைதியானது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிளக்கைப் பிடுங்கி, கண்டன்சர் முனைகளை ஒரு ரெசிஸ்டரால் தொட்டு இறக்கிவிட்டே கை வையுங்கள்.

எல்லா மோட்டாருக்கும் இந்தச் சமநிலை கிடைத்துவிடாது. ஒற்றைக் கண்டன்சரால் மூன்று பக்கமும் முழுச் சமமாவது, மோட்டாரின் பவர் ஃபேக்டர் (உறிஞ்சும் வாட்டை வோல்ட்-ஆம்பியரால் வகுத்தால் வருவது) 0.5 ஆக இருக்கும்போது மட்டும்தான். சின்ன சின்க்ரனஸ் மோட்டார்கள் பல அதற்கு அருகில் இருப்பது நம் நல்ல காலம். உங்களுடையது வெகுதூரம் விலகியிருந்தால் எத்தனை கண்டன்சர் மாற்றினாலும் ஒரு பக்கம் நொண்டும். அதோடு மல்லுக்கட்டி நாட்களைக் கழிக்க வேண்டாம்.

ஆறாம் படி: காதை நம்புங்கள், அளந்தும் பாருங்கள்

3150 ஹெர்ட்ஸ் சுருதி பதிந்த டெஸ்ட் டேப்பை ஓட்டி, வரும் ஒலியைக் கணினியில் பதிவு செய்து ஸ்பெக்ட்ரம் பாருங்கள். நடுவில் ஒற்றைக் கோபுரம்போல் 3150 நிற்க வேண்டும். இருபுறமும் 3050, 3250-இல் குட்டிக் கோபுரங்கள் எழுந்தால், அதுதான் நொடிக்கு 100 தடவை வரும் அந்த உதறல். ரெக்கார்ட் பிளேயருக்கு டெஸ்ட் ரெக்கார்டு வைத்து இதையே செய்யலாம். கண்டன்சரைச் சரிசெய்யச் செய்ய இந்தக் கோபுரங்கள் சுருங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். என் டெக்கில் அவை சுருங்கின, மறையவில்லை. நீண்ட ஆலாபனையில் நாதஸ்வரத்தின் கார்வை லேசாகக் கரகரத்தது. எட்டு மாதம் ஆனதற்கு அந்தக் கரகரப்புதான் காரணம்.

வீட்டு லைனின் ஹெர்ட்ஸும் கொஞ்சம் அலையும். மின்தொகுப்பின் அனுமதிக்கப்பட்ட எல்லை 49.90 முதல் 50.05 வரை. அந்த எல்லைக்குள் முழுக்க ஆடினாலும் சுருதி மாற்றம் அரைச்சுரத்தில் இருபதில் ஒரு பங்குதான், அதுவும் மெதுவாக. காது பொறுத்துக்கொள்ளும்.

ஏழாம் படி: ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரே மூன்று பேஸ்

எனக்குக் கடைசியாகக் கைகொடுத்தது இதுதான். தூய சைன் அலையை நாமே உருவாக்கி மோட்டாருக்கு ஊட்டுவது. மூன்று பேஸுக்கு மூன்று ஆம்ப்ளிஃபயர் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டு போதும். திறந்த டெல்டா என்ற கட்டில், 60 டிகிரி தள்ளிய இரண்டு வோல்டேஜ் கொடுத்தால் மூன்றாவது தானாகப் பிறக்கும்.

வேண்டியவை: ஒரு சேனலுக்கு 8 ஓமில் 100 வாட் தரும் ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர், 230-க்கு 18 வோல்ட், 100 விஏ (வோல்ட்-ஆம்பியர்) டிரான்ஸ்ஃபார்மர் இரண்டு, அலையைத் தர ஒரு கணினி. டிரான்ஸ்ஃபார்மரைத் தலைகீழாக மாட்டுகிறோம். 18 வோல்ட் பக்கம் ஸ்பீக்கர் முனைகளுக்கு, 230 பக்கம் மோட்டாருக்கு. வளைய வடிவ டொராய்டைவிட சாதாரண இ-ஐ கோர் வாங்குங்கள். ஆம்ப்ளிஃபயரிலிருந்து கசியும் சிறு டிசியைக்கூட டொராய்ட் தாங்காது. எதுவானாலும் மாட்டும் முன் ஸ்பீக்கர் முனையில் டிசி அளந்து, 20 மில்லி வோல்ட்டுக்கு மேல் இருந்தால் முதலில் ஆம்ப்ளிஃபயரைச் சரிசெய்யுங்கள்.

கணினியில் நொடிக்கு 48,000 சாம்பிள் (அலையின் அளவுப் புள்ளி) வேகத்தில் இரண்டு சேனலிலும் 50 ஹெர்ட்ஸ் சைன் உருவாக்குங்கள். வலது சேனலை 160 சாம்பிள் தள்ளுங்கள். ஒரு சுற்றுக்கு 960 சாம்பிள் என்பதால் 160 என்பது துல்லியமாக 60 டிகிரி. 60 ஹெர்ட்ஸ் டெக்குக்கு ஒரு சுற்று 800 சாம்பிள். 133 தள்ளினால் போதும், மிச்சப் பிழை 0.15 டிகிரிதான். சுருக்காத வேவ் கோப்பாகவே சேமியுங்கள். தொடக்கத்தில் ஐந்து நொடி மெல்ல ஏறும்படி வையுங்கள். ஈக்வலைசர், பாஸ் பூஸ்ட் எல்லாம் அணைத்திருக்க வேண்டும்.

முதல் டிரான்ஸ்ஃபார்மரின் 230 முனைகள் ஆர், ஒய். இரண்டாவதன் முனைகள் பி, ஒய். ஒய் இரண்டுக்கும் பொது. மோட்டாரை மாட்டாமல், வால்யூமை மெல்ல ஏற்றி ஆர்-ஒய் 30 வோல்ட் வரும்படி நிறுத்துங்கள். பி-ஒய் அதே 30 வர வேண்டும். இப்போது ஆர்-பி அளந்து பாருங்கள். 30 வந்தால் கட்டு சரி. 52 வந்தால் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் தலைகீழ்; அதன் ஒரு பக்க முனைகளை மாற்றுங்கள். இதைப் பார்க்காமல் முழு வால்யூம் வைத்தால் அந்தப் பக்கம் 400 வோல்ட் வரை போய்க் காயில் எரியும். இந்த ஒரு அளவை மட்டும் எக்காரணம் கொண்டும் தாண்டிப் போகாதீர்கள். ஸ்பீக்கர் வயர்தானே என்ற எண்ணமும் வேண்டாம்; மறுபக்கம் ஆளைக் கொல்லும் 230 வோல்ட். முனைகள் மூடிய பெட்டிக்குள் இருக்கட்டும், ஒவ்வொரு வயரிலும் அரை ஆம்பியர் ஃபியூஸ் வையுங்கள்.

சரியென்றால் மோட்டாரை மாட்டி மெல்ல ஏற்றுங்கள். திசை தப்பானால் இடது, வலது உள்ளீட்டு வயரை மாற்றினால் போதும். மோட்டார் காயில் சுமை ஆம்ப்ளிஃபயருக்கு ஸ்பீக்கரைவிடக் கடினம். ஒரு சேனல் மற்றதைவிட அதிகம் சுடும், அது இயல்பு. ஹீட் சிங்குக்கு ஒரு சின்ன மின்விசிறி காட்டுங்கள்.

முதல் படியில் இரண்டு பேஸ் என்று தெரிந்த மோட்டாருக்கும் இதே பெட்டி உதவும். 160-க்குப் பதில் 240 சாம்பிள் தள்ளினால் 90 டிகிரி. பொது முனையை ஒய்-க்குக் கொடுங்கள்.

மற்ற வழிகள்

வீட்டில் மூன்று பேஸ் சர்வீஸ் இருந்து, மோட்டார் 380 வோல்ட் ஸ்டார் என்றால் நேராகவே கொடுக்கலாம். ஆனால் மலையில் காற்றடித்தால் ஒரு பேஸ் போவது சாதாரணம். மீதி இரண்டில் உறுமிக்கொண்டே நின்று மோட்டார் எரியும். ஒரு பேஸ் போனதும் மோட்டாரை நிறுத்தும் சிங்கிள் பேஸ் பிரிவென்டர் இல்லாமல் வேண்டாம். தோட்டத்து இலவச இணைப்பிலிருந்து இழுப்பது முறையில்லாத பயன்பாடு, அதையும் தவிருங்கள்.

தறிப்பட்டறைகளில் இருக்கும் விஎஃப்டி டிரைவ் பற்றியும் கேட்பார்கள். ஒரு பேஸ் வாங்கி மூன்று பேஸ் தரும், ஹெர்ட்ஸையும் மாற்றலாம். ஆனால் அது தருவது சைன் அலை அல்ல, ஆயிரக்கணக்கான ஹெர்ட்ஸில் வெட்டிய துடிப்புகள். டேப் ஹெட்டுக்கு ஒரு சாண் தள்ளி அதை ஓட விட்டால் பாட்டோடு சீழ்க்கையும் வரும். பழைய எனாமலும் அந்தத் துடிப்பின் முனைகளைத் தாங்காது. சைன் ஃபில்டர் போட்டால் சமாளிக்கலாம். அந்தச் செலவுக்கு ஆம்ப்ளிஃபயரே மேல் என்பது என் முடிவு.

ஓடிய பிறகு

ஹிஸ்டரிசிஸ் வகை சின்க்ரனஸ் மோட்டார் வேகம் பிடித்துக்கொண்டபின் முழு வோல்டேஜ் கேட்பதில்லை. டேப் ஓடும்போதே வால்யூமைப் படிப்படியாகக் குறையுங்கள். 3150 கோபுரம் இடம் நகர ஆரம்பிக்கும் புள்ளிதான் எல்லை. அதற்குமேல் நல்ல இடைவெளி விட்டு நிறுத்துங்கள். என் டெக் 230-இல் புறப்பட்டு 160-இல் ஓடுகிறது. சூடும் குறைந்தது, டெக்கின் மேல்தகட்டில் விரல் வைத்தால் தெரிந்த அதிர்வும் போனது. அந்த இரண்டு குட்டிக் கோபுரங்களும் இரைச்சல் மட்டத்துக்குள் இறங்கிவிட்டன.

ஏற்காடு 1500 மீட்டர் உயரம். பொதுவாக மோட்டார்களின் அளவுகள் 1000 மீட்டர் வரைக்கும் கணக்கிட்டவை. மேலே காற்று மெலிந்திருப்பதால் சூடு இறங்குவது தாமதமாகும். குளிர்ந்த ஊர்தானே என்று காற்றோட்டத் துளைகளை மூடிவிடாமல், முதல் வாரம் மூன்று மணி நேரம் தொடர்ந்து ஓட்டிப் பாருங்கள். கரண்டை நிறுத்திவிட்டு மோட்டார் கூட்டில் உள்ளங்கையை வையுங்கள். பத்து நொடி வைத்திருக்க முடிந்தால் அடுத்த ரீலைப் போடலாம்.